வேட்டை ஜக்கெட் ஏன் ஒழுகியது: ஒரு குளியலறை ஆராய்ச்சி

ஒக்டோபர் நடுப்பகுதி. வெப்பநிலை 4 பாகை. காலை ஆறு மணிக்குப் புல்வெளியோரத்துப் பரணில் ஏறி உட்கார்ந்தேன். மழை முதல்நாள் மாலையே தொடங்கியிருந்தது. ஆறரைக்கு இடது மணிக்கட்டு ஈரம். ஏழுக்குத் தோள். ஏழேகாலுக்குப் பல் கிடுகிடுக்கத் தொடங்கியது. ஏழரை போல, இரவு முழுக்கப் புல் மேய்ந்த ஒரு பெண்மானும் கன்றும் காட்டுக்குத் திரும்பும் வழியில் என் முன்னால் வந்து நின்றன. எழுபது மீட்டர்கூட இருக்காது. துவக்கைத் தூக்கினேன். சட்டைக் கையின் நுனியில் தேங்கியிருந்த தண்ணீர் உள்ளே வழிந்து முழங்கை தாண்டி அக்குள்வரை போனது. தொலைநோக்கிக்குள் தெரிந்த குறுக்குக்கோடு மானின் முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. அப்படி ஆடும் கையால் சுடக்கூடாது. சுடவில்லை. மான்கள் போய்விட்டன. நான் இன்னும் ஒரு மணி நேரம் கோபத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சொந்த ஊர் யாழ்ப்பாணம். இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில், ஃபோர்டே பக்கம். ஊரில் ஆண்டு முழுவதும் பெய்வது 1200, 1300 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் வந்து முடிந்துவிடும். இங்கே 2000 மில்லிமீட்டருக்கு மேல், மாதம் பார்க்காமல். செம்மான் வேட்டைப் பருவம் செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 23 வரை. அதாவது ஆண்டின் ஈரமான மாதங்களை எல்லாம் தேடிப் பொறுக்கி வைத்ததுபோல. வேட்டைக்காரர் தேர்வை எழுதி முடித்து, ஒவ்வொரு ஆண்டும் 30 பயிற்சிச் சூடும், 100 மீட்டரில் 5 தேர்வுச் சூடும் சுட்டுக்காட்டி, பக்கத்துப் பண்ணை விவசாயியின் குழுவில் சேர்ந்து பத்து ஆண்டாகிறது. அந்தப் பத்தில் ஒன்பது ஆண்டும் ஒரே ஜக்கெட். மண்ணிற, மென்மையான, வேட்டைக்கென்றே செய்த ஜக்கெட். கழுத்துப் பட்டியில் '20,000 மி.மீ.' என்று ஒரு சீட்டு. வாங்கும்போது கடைக்காரர் அந்த எண்ணை விரலால் தட்டிக்காட்டினார். அதற்கு மேல் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

புதிதாக வாங்குவதற்கு முன், இது ஏன் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று தோன்றியது. காரணம் தெரியாமல் வாங்கினால் அதே தவறைக் கூடுதல் விலைக்கு வாங்குவேன்.

சனிக்கிழமை, குளியலறை

முதலில் குசினித் தராசில் நிறுத்தேன். காய்ந்த நிலையில் 1160 கிராம். அப்புறம் சாம்பல் நிறப் பருத்தி ரீசேர்ட் ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஜக்கெட்டைப் போட்டு, தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு ஷவரின் கீழ் நின்றேன். சாம்பல் நிறம் முக்கியம்: ஒரு துளி பட்டாலும் கரும்புள்ளியாகத் தெரியும். வெள்ளையிலோ கறுப்பிலோ தெரியாது. குளிர்ந்த தண்ணீர், இருபது நிமிடம், அதில் பத்து நிமிடம் கையைத் துவக்குப் பிடிப்பதுபோலத் தூக்கியபடி.

மனைவி கதவைத் திறந்து பார்த்தா. "இஞ்சருங்கோ, மழை வெளியில இலவசமாப் பெய்யுது."

வெளியே பெய்யும் மழையை நினைத்தபடி திருப்பவோ நிறுத்தவோ முடியாது என்று விளக்கப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டா.

கழற்றி நிறுத்தால் 1790 கிராம். 630 கிராம் தண்ணீரை வெளித்துணி குடித்திருந்தது. ரீசேர்ட்டில் மூன்று விதமான ஈரம். இடது தோளில் உள்ளங்கையளவு கருப்புத் திட்டு, ஓரம் தெளிவாக. இரண்டு கைகளிலும் மணிக்கட்டில் தொடங்கி முழங்கைவரை ஈரம், மேலே போகப் போக மெல்லிதாக. முதுகின் கீழ்ப்பகுதி முழுக்க ஒரு பிசுபிசுப்பு, ஓரமே இல்லாமல். மூன்றையும் ஒரே 'ஒழுக்கு' என்றுதான் ஒன்பது ஆண்டாகச் சொல்லிவந்தேன். அருகருகே வைத்துப் பார்த்தபோது மூன்றும் வேறு வேறு வியாதி என்று தெரிந்தது.

தோளில் இருந்தது உண்மையான ஒழுக்கு. ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல் என்பதால், மழை ஜக்கெட்டில் தையல்களின் உள்பக்கம் ஒரு டேப்பைச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். முதுகுப்பையின் பட்டியும் துவக்கின் வாரும் ஒன்பது ஆண்டு உராய்ந்த இடத்தில் அந்த டேப் விளிம்பு தூக்கியிருக்க வேண்டும்.

கைகளில் நடந்தது ஒழுக்கே இல்லை. குத்துவிளக்குத் திரி எண்ணெய் இழுக்கிற வேலை. இந்த மாதிரி ஜக்கெட்டில் நீர்புகாச் சவ்வு வெளித்துணியோடு ஒட்டியிருக்காது. வெளியே மென்மையான துணி, உள்ளே உள்துணி, நடுவில் சவ்வு தனியாகத் தொங்கும். செய்வதற்கு எளிது, உடுத்தினால் மெத்தென்று இருக்கும், சத்தமும் குறைவு. ஆனால் மழையில் வெளித்துணி பஞ்சுபோல ஊறும். ஊறிய தண்ணீர் கையின் நுனிவரை இறங்கி, வெளித்துணியும் உள்துணியும் சந்திக்கும் தையலில் மடங்கி உள்ளே ஏறும். சவ்வில் ஒரு ஓட்டைகூட வேண்டாம். கையைத் தூக்கினால் புவியீர்ப்பும் சேர்ந்து உதவி செய்யும். தொலைநோக்கியைப் பிடித்துப் பிடித்து மான் தேடுகிறவனுக்கு இது வேறு யாரையும்விட மோசம். நடந்துகொண்டே இருக்கும் மலையேறியின் கை கீழே தொங்கும். அவனுக்கு இந்தச் சிக்கல் பாதிதான்.

முதுகில் இருந்தது என் வியர்வை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

'மூச்சுவிடும்' ஜக்கெட் என்று விற்கிறார்களே, அதற்கென்று தனியாக மூச்சு கிடையாது. உள்ளே நீராவி அதிகம், வெளியே குறைவு. அந்த வித்தியாசம்தான் ஆவியைச் சவ்வு வழியாகத் தள்ளுகிறது. 30 பாகைக் காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவி பிடிக்கும். 4 பாகைக் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் 6 கிராம் சொச்சம்தான். ஆகவே நோர்வேயின் ஒக்டோபர் மழையிலும், வெளியே ஈரப்பதன் நூறு வீதம் என்றாலும், சட்டைக்குள் இருக்கும் சூடான காற்றிலிருந்து ஆவி வெளியே போக நிறைய இடம் உண்டு. இதே ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்து மாரியில், 27 பாகையில் நின்றால் உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே அளவு. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் உள்ளே அவிந்துபோவோம். அங்கே குடைதான் சரி. இந்தச் சவ்வுகள் குளிர் நாட்டுக்காரன் குளிர் நாட்டுக்குச் செய்தவை.

ஆனால் வெளித்துணி 630 கிராம் தண்ணீரைக் குடித்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் கவிழும். ஆவி போகும் வழியைத் தண்ணீர்ப் படலம் அடைக்கிறது. அதோடு ஈரத்துணி குளிர்ந்து சவ்வையும் குளிர்விக்க, உள்ளே வரும் ஆவி அங்கேயே வியர்த்துத் துளியாகிறது. பரணுக்கு இருபது நிமிடம் மேடு ஏறி வேர்த்துவிட்டு, அப்படியே மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருகிற ஆளுக்கு முதுகு நனையாமல் என்ன செய்யும்? மழை உள்ளே வந்துவிட்டது என்றுதான் நினைப்போம்.

அந்த 20,000

சீட்டில் இருந்த எண்ணையும் விடவில்லை. அது நீர்த்தூணின் உயரம்: துணியின் மேல் அத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏற்படும் அழுத்தத்தை அது தாங்கும் என்று பொருள். 20,000 என்றால் 20 மீட்டர், வளர்ந்த பனை ஒன்றின் உயரம். என்னிடம் இருந்தது ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாய். அதன் ஒரு முனையில் ஜக்கெட்டின் அடிப்பகுதியை இறுக்கிக் கட்டி, நிமிர்த்திப் பிடித்து, தண்ணீர் நிரப்பி, அடியில் டிஷ்யூ வைத்து அரை மணி நேரம் விட்டேன். சொட்டில்லை. 1000 மில்லிமீட்டர் தாங்குகிறது என்பதற்கு மேல் இந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது. பனைமர உயரக் குழாய் வைக்க வீட்டில் இடமில்லை.

எங்கே எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று ஒரு கடித உறையின் பின்னால் கணக்குப் போட்டேன். ஒரு சதுர சென்ரிமீட்டரில் ஒரு கிலோ என்றால் 10 மீட்டர் நீர்த்தூண். என் எடை 80 கிலோ. ஈரப் பலகையில் உட்கார்ந்தால் அது ஏறக்குறைய 900 சதுர சென்ரிமீட்டரில் பரவும்: 1000 மில்லிமீட்டருக்கும் குறைவு. மண்டியிட்டால் இரண்டு முழங்காலும் சேர்ந்து 60 சதுர சென்ரிமீட்டர்: 13,000. ஆக, பெரிய எண் தேவைப்படுகிற இடம் கால்சட்டையின் முழங்கால். ஜக்கெட்டில் தோள்பட்டி அழுத்தும் இடத்தைத் தவிர வேறெங்கும் 20,000க்கு வேலையே இல்லை. நான் ஒன்பது ஆண்டு பெருமைப்பட்ட எண், எனக்கு ஒழுகிய மூன்று இடங்களில் ஒன்றைப் பற்றியும் பேசவில்லை. தையலைப் பற்றி, கைநுனியைப் பற்றி, வெளித்துணி எவ்வளவு குடிக்கும் என்பதைப் பற்றிச் சீட்டில் ஒரு சொல் கிடையாது.

ஞாயிறு, அயன்பெட்டி

கழுவுவதில் தொடங்கினேன். வெளித்துணியில் தண்ணீர் உருண்டு ஓட ஒரு பூச்சு உண்டு. அழுக்கு, புகை, உடம்பெண்ணெய், மான் இரத்தம் எல்லாம் அதன் மேல் படிந்தால் அது வேலை செய்யாது. சாதாரணச் சலவைத்தூளின் மிச்சமும் தண்ணீரை இழுக்கும். நான் ஒன்பது ஆண்டும் அதைத்தான் போட்டிருக்கிறேன். துணி மென்மையாக்கி திரவம் அதைவிடக் கேடு. இந்த முறை மழை உடைகளுக்கான நிக்வாக்ஸ் சோப்பு, இரண்டு தரம் அலசல், அப்புறம் உலர்த்தும் மெஷினில் குறைந்த சூட்டில் நாற்பது நிமிடம். பூச்சு மிச்சம் இருந்தால் சூடு பட்டு மறுபடி நிமிரும் என்பார்கள். முதுகுப்பக்கம் ஓரளவு நிமிர்ந்தது. தோளிலும் கைகளிலும் நிமிர அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே தெளிக்கும் பூச்சு, ஃபுளோரின் இல்லாத வகை. பழைய ஃபுளோரின் பூச்சுகள் எண்ணெயையும் விரட்டும். புதியவை தண்ணீரை மட்டும். அதனால் இவற்றை அடிக்கடி கழுவ வேண்டும். அது எரிச்சல்தான். ஆனால் பழைய பூச்சுகளோடு சம்பந்தப்பட்ட பிஎஃப்ஓஏ என்ற வேதிப்பொருள் மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் தங்குகிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அதைத் தடுத்தது. நான் குடிக்கும் தண்ணீர் வருகிற மலையில்தான் நான் வேட்டைக்கும் போகிறேன்.

அடுத்து தோள். டேப் இருப்பது உள்துணிக்கும் சவ்வுக்கும் நடுவில். அக்குள் பக்கம் உள்துணித் தையலை ஒரு சாண் பிரித்து, அதன் வழியாகத் தோளை வெளியே இழுத்தேன். நினைத்தபடியே டேப் பதினொரு சென்ரிமீட்டர் தூக்கி, காய்ந்த வாழைச்சருகுபோலச் சுருண்டிருந்தது. அதை முழுக்க உரித்து, பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, புதிய டேப்பை வைத்து, மேலே பேக்கிங் பேப்பர் போட்டு, அயன்பெட்டியால் அழுத்தினேன். முதல் ஏழு சென்ரிமீட்டர் அழகாக ஒட்டியது. நம்பிக்கை வந்தவுடன் கொஞ்சம் கூட அழுத்தினேன். யாரோ கம்பளி அளவுக்குத் திருப்பி வைத்திருந்த சூட்டை நான் கவனிக்கவில்லை. (யாரோ என்ன, நானேதான்.) இரண்டு நொடியில் சவ்வு ஐந்து சத நாணயம் அளவுக்குச் சுருங்கி, நடுவில் ஓட்டை. திருத்த வந்த இடத்தில் புதிதாக ஒரு ஒழுக்கு.

யூரித்தேன் பசை ஒரு குழாய் வீட்டில் இருந்தது, கூடாரம் திருத்த வாங்கியது. ஓட்டைக்கு ஒரு துண்டுச் சவ்வை வட்டமாக வெட்டி வைத்து, சுற்றிலும் பசை பூசினேன். ஒட்டுத்துண்டை எப்போதும் வட்டமாக வெட்டுங்கள். மூலை இருந்தால் அங்கேயிருந்துதான் கிளம்பும். பசை காய ஓர் இரவு. நாற்றத்துக்கு ஜன்னலைத் திறந்து வைத்ததில் குசினியும் 4 பாகை.

கைநுனிக்குத்தான் அதிகம் யோசித்தேன். தண்ணீர் ஏறும் திரியை எங்கேயாவது அறுக்க வேண்டும். நல்ல ஜக்கெட்டுகளில் கைநுனியின் உள்பக்கம் தண்ணீர் இழுக்காத ஒரு பட்டி வைத்துத் தைத்திருப்பார்கள், என்னுடையதில் இல்லை. பழைய கூடாரத்தின் அடித்தாளிலிருந்து நாலு சென்ரிமீட்டர் அகலப் பட்டி இரண்டு வெட்டி, உள்துணியைப் பிரித்து, உள்துணியும் வெளித்துணியும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே வைத்துத் தைத்தேன். தைத்த ஊசித்துளைகளுக்கு மேல் பசை. அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தது இத்தனை ஆண்டு கழித்து உதவியது. ஆனால் அம்மா பார்த்திருந்தால் பிரிக்கச் சொல்லியிருப்பா.

திங்கள் மாலை மறுபடி ஷவர். இருபது நிமிடம். 1410 கிராம்: 250 கிராம் மட்டுமே குடித்திருந்தது. தோள் காய்ந்து இருந்தது. கைகளில் மணிக்கட்டிலிருந்து நாலு விரல் அகலத்துக்கு ஈரம், அதற்கு மேல் இல்லை. முதுகில் லேசான பிசுபிசுப்பு. சோப்பு, பூச்சு, டேப் எல்லாம் சேர்த்து அறுநூறு குரோனருக்குள்.

நாலு தரம் அதைப் போட்டுக்கொண்டு போனேன். நாலு தரமும் கை நடுங்கவில்லை. மூன்றாம் தரம் ஒரு கன்று கிடைத்தது. ஐந்தாம் தரம் புறப்படும்போது ரீசேர்ட்டின் தோளில் பொடுகுபோல வெள்ளைச் செதில்கள். உள்துணிக்குள் கையைவிட்டுத் தேய்த்தால் சவ்வு உதிர்கிறது. பொலியூரித்தேன் சவ்வுக்கு ஈரமும் சூடும் காலமும் சேர்ந்தால் இதுதான் முடிவு. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இன்னும் வேகம். வேட்டை முடிந்து ஜக்கெட்டை ஈரமாகவே காரின் பின்பக்கம் எறிந்த மாலைகளை எண்ணிப் பார்த்தேன். டேப்பை மாற்றலாம், பூச்சைத் தெளிக்கலாம். உதிரும் சவ்வுக்கு வைத்தியம் இல்லை.

கராஜில் ஒரு குருட்டுச் சோதனை

இனி வாங்கத்தான் வேண்டும். ஆனால் இப்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். குழுவில் ஆளுக்கொரு ஜக்கெட்டை வார இறுதிக்கு இரவல் கேட்டேன். மலையேறிகளின் மெல்லிய மூன்றடுக்கு ஜக்கெட் (வெளித்துணி, சவ்வு, உள்துணி மூன்றும் ஒன்றாக ஒட்டிய வகை) ஒன்று, மெழுகு ஏற்றிய பருத்தி ஜக்கெட் ஒன்று, வெளித்துணி பின்னல் துணியாக உள்ள மூன்றடுக்கு வேட்டை ஜக்கெட் ஒன்று. நாலாவதாக, குழுத் தலைவரான அந்த விவசாயியிடமிருந்து மீன்பிடிக்காரர் போடும் பச்சை மழைக்கோட்டு. சவ்வும் இல்லை, மூச்சும் இல்லை, பூசிய பிளாஸ்டிக்.

அதே ஷவர், அதே இருபது நிமிடம். மலையேறி ஜக்கெட் 480 கிராமிலிருந்து 550. மெழுகுப் பருத்தி 1520இலிருந்து 1760. பின்னல் துணி மூன்றடுக்கு 890இலிருந்து 1060. மழைக்கோட்டு 1050இலிருந்து 1075; அந்த 25 கிராமும் பைக்குள் தேங்கியதுதான். தண்ணீரை மட்டும் பார்த்தால் போட்டி அங்கேயே முடிந்தது. 1877இல் மொஸ் நகரில் ஹெல்லி யூல் ஹான்சன் என்ற கப்பல் தலைவர் கித்தானில் ஆளிவிதை எண்ணெய் ஏற்றி மாலுமிகளுக்கு மழையுடுப்பு செய்யத் தொடங்கினார். இந்த நாட்டில் மழையைத் தடுப்பது அவ்வளவு பழைய, ஏறக்குறையத் தீர்ந்த பிரச்சினை. ஆவி போகும் நுண்துளைகளோடு இழுத்து விரித்த டெஃப்லானை பொப் கோர் என்ற அமெரிக்கர் 1969இல் கண்டுபிடித்து, 1976இல் அது கோர்-டெக்ஸ் துணியாகக் கடைக்கு வந்ததெல்லாம் வியர்வைப் பிரச்சினைக்காகத்தான்.

வேட்டைக்காரனுக்கு மூன்றாவதாக ஒரு பிரச்சினை உண்டு: சத்தம். செம்மானின் காது பெரிது, இரண்டும் தனித்தனியே திரும்பும். நாலு ஜக்கெட்டையும் வெளியே தொங்கவிட்டேன். இரவு உறைநிலைக்குக் கீழே மூன்று பாகைக்குப் போனது. குளிரில் பிளாஸ்டிக் விறைக்கும்; கடையின் 21 பாகையில் உரசிப் பார்த்தால் இது தெரியாது. காலையில் மகளைக் கராஜின் ஒரு முனையில் முதுகைக் காட்டி நிற்கவைத்து, மறுமுனையிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கையைத் தூக்கியபடி நெருங்கினேன். சத்தம் கேட்டதும் கையை உயர்த்த வேண்டும்.

மலையேறி ஜக்கெட்டுக்கு நான் முதல் அடி வைத்ததுமே கை உயர்ந்தது. "அப்பா, அது சிப்ஸ் பக்கெற்." மழைக்கோட்டு இரண்டாம் அடியில். மெழுகுப் பருத்தி நாலாம் அடியில். குளிரில் மெழுகு இறுகி, மடிப்புகளில் நொறுங்குவதுபோல ஒரு சத்தம். பின்னல் துணி ஜக்கெட்டோடு ஒன்பது அடி போய் அவளுடைய பின்னலைத் தொட்டேன். அப்போதுதான் திரும்பினாள்.

மெழுகுப் பருத்தியை விடுவதற்கு மனம் இல்லாமல் இருந்தது. கையில் எடுத்தாலே ஒரு மரியாதை வருகிறது. கிழிந்தால் ஒட்டுப்போடலாம், மெழுகு போனால் சூடாக்கி மறுபடி ஏற்றலாம், இருபது ஆண்டு வரும். முட்புதரும் கம்பிவேலியும் உள்ள இடத்தில் நடந்து வேட்டையாடுகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் மூன்று மணி நேரம் அடர்மழையில் அசையாமல் உட்கார்ந்தால் மடியிலும் முழங்கை மடிப்பிலும் மெழுகு விட்டுக்கொடுக்கும். காயவும் இரண்டு நாள் வேண்டும். என் வீட்டில் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து வருகின்றன.

மழைக்கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, இவ்வளவு சத்தத்தோடு எப்படி மான் சுடுகிறீர்கள் என்று அந்த விவசாயியைக் கேட்டேன். எழுபது வயது மனிதர். குழுவில் அதிகம் மான் அடித்தவர். பதில் சொல்லாமல் உள்ளே போய், முழங்கை தேய்ந்த ஒரு பெரிய கம்பளி ஸ்வெட்டரை எடுத்து வந்தார். அதை மழைக்கோட்டுக்கு மேலே போட்டுக்கொண்டார். கையை ஆட்டிக் காட்டினார். ஒரு சத்தமும் இல்லை. மேலே இருக்கும் கம்பளி நனையட்டும், ஊறட்டும். உள்ளே தண்ணீர் போகாது. முப்பது ஆண்டாக இப்படித்தானாம். நான் சொன்ன கிராம்களையும் அடிகளையும் எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

அவருடைய முறையை ஒரு தரம் செய்து பார்த்தேன். சத்தம் இல்லை, மழை இல்லை, உண்மை. ஆனால் அவர் பரணுக்குப் பக்கத்துவரை டிராக்டரில் போகிறார். நான் இருபது நிமிடம் மேடு ஏறுகிறேன். மேலே போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஒரு புட்டுப்பானை. ஸ்வெட்டரோடு சேர்த்துச் சுமை மூன்று கிலோவைத் தாண்டியது.

கடைசியில் வாங்கியது பின்னல் துணி மூன்றடுக்கு வகை, இரவல் வாங்கியதைவிடக் கொஞ்சம் நீளம் கூட. நாலாயிரம் குரோனருக்குக் கொஞ்சம் மேலே. கடையில் சீட்டை நான் படிக்கவில்லை. உள்பக்கத்தைப் புரட்டி, தோளின் உச்சியில் தையல் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடவில்லை, ஒரே துண்டாக முதுகுப்பக்கம் இறங்கியது. கைநுனிக்குள் விரலைவிட்டு இழுக்காத பட்டியைத் தடவிப் பார்த்தேன். அக்குளில் சிப் இருந்தது: மேடு ஏறும்போது திறந்துவிட்டால் எந்தச் சவ்வையும்விட அது அதிகம் மூச்சுவிடும். அடிப்பகுதி பின்புறத்தை மூடுகிறதா என்று தரையில் உட்கார்ந்தேன். தொப்பியைப் போட்டுத் தலையைத் திருப்பினால் தொப்பியும் திரும்புகிறதா, அல்லது நான் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்க்கிறேனா என்று சோதித்தேன். துவக்குப் பிடிப்பதுபோல நின்று கையைத் தூக்கினேன். அடிப்பகுதி இடுப்புக்கு மேலே ஏறவில்லை. விற்பனைப் பையன் தூரத்தில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான். அளவில் ஒன்று பெரிதாக எடுத்தேன், உள்ளே இரண்டு கம்பளிச் சட்டைக்கு இடம் வேண்டும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டும் தோலில் ஈரம் காட்டாது. பருத்தி ரீசேர்ட் இனி ஷவருக்கு மட்டும்.

இப்போது மேடு ஏறும்போது ஜக்கெட்டைப் போடுவதே இல்லை. மழையிலும் ஒரு கம்பளிச் சட்டையோடு மெதுவாக ஏறி, மேலே போய் அதை மாற்றிவிட்டு, காய்ந்த கம்பளிக்கு மேல் ஜக்கெட். வீட்டுக்கு வந்ததும் முன்வாசலில் அகலத் தோளுள்ள கொளுக்கியில் தொங்கவிடுகிறேன். காருக்குள் ஒரு இரவும் இல்லை.

பழைய ஜக்கெட்டின் வெளித்துணியை வெட்டிப் பரண் பலகைக்கு ஒரு மெத்தையுறை தைத்தேன். சிப் இரண்டும் டப்பாவில்.

டிசம்பர் முதல் வாரம், 2 பாகை, மழையும் பனியும் கலந்து மூன்றரை மணி நேரம். கை, தோள், முதுகு காய்ந்தே இருந்தன. மான் வரவில்லை. இறங்கும்போது நெஞ்சுப் பையில் என்னவோ குலுங்கியது. மேல்நோக்கித் திறக்கும் பை, சிப்பை அரைகுறையாக மூடியிருக்கிறேன். உள்ளே முக்கால் கோப்பை தண்ணீர், அதில் அனுமதி அட்டையும் ஒரு பாதிச் சொக்கிலேற்றும் நீந்திக்கொண்டிருந்தன. நீர்புகாத் துணி தண்ணீரை வெளியே போகவும் விடாது அல்லவா. அன்றிரவு ஊசியை மெழுகுதிரியில் பழுக்கக் காய்ச்சி, பையின் அடி மூலையில் ஒரு துளை போட்டேன், பையின் வெளிச்சுவரில் மட்டும், சவ்வின் பக்கம் போகாமல். உத்தரவாதச் சீட்டில் இதற்கு இடமிருக்காது. துளையைச் சுற்றி யூரித்தேன் பசை பூசி வைத்திருக்கிறேன், காலையில் காய்ந்திருக்கும்.